எச். பைலோரியை ஒழித்த பிறகு: எந்தப் பரிசோதனை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை?

மாத்திரைகள் முடிந்தன. மூச்சுப் பரிசோதனையில், இரைப்பையில் குடியிருந்த எச். பைலோரி என்ற கிருமி இல்லை என்று வந்துவிட்டது. வயிற்று எரிச்சலும் அடங்கிவிட்டது. இரைப்பைப் புற்று வருகிறதா என்று கவனிக்க இதற்கு மேல் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டால், "ஒன்றும் வேண்டாம், நிம்மதியாக இருங்கள்" என்பார் ஒருவர். "வருஷா வருஷம் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுங்கள்" என்பார் இன்னொருவர். ரத்தப் பரிசோதனையிலேயே எல்லாம் தெரிந்துவிடுமே, எதற்குக் குழாயை விழுங்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. யாருக்கு எது பொருந்தும் என்பதில்தான் சிக்கல்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசோதனையைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வேலை. கிருமி குடியிருந்த காலத்தில் இரைப்பைச் சவ்வு எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று ஒருமுறை ஒழுங்காகத் தெரிந்துகொள்வதே முதல் வேலை. அது தெரியாமல் 'வருஷம் ஒருமுறை' என்பதும் ஊகம், 'இனி வேண்டவே வேண்டாம்' என்பதும் ஊகம்.

பாதி குறைகிறது, பூஜ்யம் ஆவதில்லை

எச். பைலோரி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹெலிகோபாக்டர் பைலோரியை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982ல் ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். 1994ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானவை என்ற பட்டியலில் இந்தக் கிருமியைச் சேர்த்தது. இதை மருந்தால் ஒழித்தால் இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த கணக்கு. பாதி என்பது சின்ன லாபம் இல்லை. ஆனால் மீதிப் பாதி அப்படியே நிற்கிறது.

2008ல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று இதை நன்றாகக் காட்டுகிறது. ஆரம்ப நிலைப் புற்றை எண்டோஸ்கோப்பி வழியாகவே அகற்றிக்கொண்ட 544 பேரை இரண்டு சம பங்காகப் பிரித்து, ஒரு பங்குக்கு மட்டும் கிருமியை ஒழிக்கும் மருந்து கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் மருந்து பெறாதவர்களில் 24 பேருக்கு இரைப்பையின் வேறோர் இடத்தில் புதிதாகப் புற்று தோன்றியது. மருந்து பெற்றவர்களில் 9 பேருக்குத் தோன்றியது. மருந்தின் பலனை நம்பச் சொல்வதும் அந்த 9தான், அதன் பிறகும் கவனமாக இருக்கச் சொல்வதும் அதே 9தான். இவர்கள் ஏற்கெனவே ஒருமுறை புற்று வந்தவர்கள், அதாவது மிகவும் சேதப்பட்ட இரைப்பை உள்ளவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஏன் பூஜ்யம் ஆவதில்லை? கிருமி பல ஆண்டுகள், பெரும்பாலும் சிறு வயது முதலே, உள்ளே இருந்திருக்கிறது. முதலில் சவ்வில் நாள்பட்ட அழற்சி. பிறகு அமிலமும் நொதியும் சுரக்கும் சுரப்பிகள் அழிந்து சவ்வு மெலிந்துபோகும். இதை அட்ரோஃபி என்பார்கள். அதற்கடுத்து, இரைப்பைச் சவ்வு இருக்க வேண்டிய இடத்தில் குடல் சவ்வைப் போன்ற செல்கள் முளைக்கும். ரிப்போர்ட்டில் 'இன்டஸ்டினல் மெட்டாபிளேசியா' என்று வருவது இதுதான். பிறகு டிஸ்பிளேசியா, அதாவது செல்களின் உருவமும் ஒழுங்கும் கெட்டுப்போவது. அதையும் தாண்டினால் புற்று. மருந்து கிருமியைக் கொன்றால் அழற்சி அடங்கும். அட்ரோஃபி ஓரளவு மீளலாம். மெட்டாபிளேசியா வரை போய்விட்ட சவ்வு பெரும்பாலும் முழுசாகத் திரும்பி வருவதில்லை. நோய் எந்தப் படியில் இருந்தபோது மருந்து சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மிச்சமிருக்கும் அபாயம்.

நெதர்லாந்தில் 90,000க்கும் மேற்பட்டோரின் பயாப்சிப் பதிவுகளை வைத்து 2008ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கண்டுபிடித்த முதல் ஐந்து ஆண்டுகளில், அட்ரோஃபி உள்ளவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்குப் புற்று வந்தது. மெட்டாபிளேசியா உள்ளவர்களில் நானூறில் ஒருவர். லேசான, நடுத்தர டிஸ்பிளேசியாவில் ஆயிரத்தில் ஆறு பேர். கடுமையான டிஸ்பிளேசியாவில் நூறில் ஆறு பேர். இரைப்பைப் புற்று அதிகமாக உள்ள நாடுகளில் இந்த எண்கள் இன்னும் கூடுதலாக இருக்கும். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் நடுவே அறுபது மடங்கு வித்தியாசம் இருக்கிறது, கவனியுங்கள். இந்த இரண்டு பேருக்கும் ஒரே அட்டவணையைக் கொடுத்தால் ஒருவரை வீணாக அலைக்கழிக்கிறோம், இன்னொருவரைக் கைவிடுகிறோம்.

சும்மா இருப்பது

முதல் தேர்வு, தொந்தரவு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது. கேட்டதும் பொறுப்பில்லாத யோசனை போலத் தோன்றும். ஆனால் சவ்வு பெரிதாகக் கெடாதவர்களுக்கு இதுவே சரியான முடிவு. இளம் வயதில் கிருமியை ஒழித்துவிட்டார், பயாப்சியில் மெட்டாபிளேசியா இல்லை, அட்ரோஃபி இல்லை அல்லது இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் லேசாக இருக்கிறது, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் யாருக்கும் இரைப்பைப் புற்று வந்ததில்லை என்றால், அவரைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியதில்லை என்றே ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது.

சவ்வின் நிலை தெரியாமலே சும்மா இருப்பதுதான் தவறு. ஆரம்ப நிலை இரைப்பைப் புற்று பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. எடை குறைவது, சாப்பாடு இறங்காமல் நிற்பது, மலம் கறுப்பாகப் போவது எல்லாம் வருவதற்குள் பலருக்கு நோய் ஆழத்துக்குப் போயிருக்கும். எண்டோஸ்கோப்பி வழியாக அகற்றிவிடக்கூடிய நிலைக்கும், இரைப்பையை வெட்டி எடுக்க வேண்டிய நிலைக்கும் நடுவே இருப்பது இந்த அறிகுறியில்லாத காலம்தான். ஆரம்ப நிலையில் பிடித்தால் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவர்கள் 90 சதவீதத்துக்கும் அதிகம்.

அப்புறம், கிருமி உண்மையிலேயே போனதா என்ற கேள்வியும் இருக்கிறது. மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ, ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை 2 வாரம் நிறுத்திவிட்டுச் செய்திருக்க வேண்டும். இந்த இடைவெளி இல்லாமல் எடுத்த 'நெகட்டிவ்' நம்பத்தக்கதல்ல. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பது இதற்கு உதவாது. கிருமி போன பிறகும் அது மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் பாசிட்டிவாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

ரத்தப் பரிசோதனை: முன்பு நல்லது, இப்போது குழப்பம்

குழாய் இல்லாத வழி என்பதால் பலருக்கும் ஆசை இங்கேதான் போகும். இரைப்பைச் சவ்வு சுரக்கும் பெப்சினோஜன் 1, பெப்சினோஜன் 2 ஆகியவற்றை ரத்தத்தில் அளப்பார்கள். முதலாவது மில்லிலிட்டருக்கு 70 நானோகிராமோ அதற்குக் குறைவாகவோ இருந்து, இரண்டுக்கும் உள்ள விகிதமும் 3 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அட்ரோஃபி இருக்கலாம் என்று பொருள். ஜப்பானில் இதையும் கிருமியின் எதிர்ப்பொருளையும் சேர்த்து, ஆட்களை அபாயவாரியாக நான்கு வகையாகப் பிரிக்கும் முறை உண்டு. யாருக்கு எண்டோஸ்கோப்பி அவசரம் என்று பெருங்கூட்டத்திலிருந்து பொறுக்கி எடுக்க அது நல்ல வழி.

ஆனால் அந்த அளவுகோல்கள் மருந்து சாப்பிடாதவர்களை வைத்து உருவாக்கப்பட்டவை. கிருமி ஒழிந்து அழற்சி அடங்கியதும் பெப்சினோஜன் 2 விரைவாகக் குறைகிறது, அதனால் விகிதம் ஏறிவிடுகிறது. சவ்வு மெலிந்தது மெலிந்தபடியே இருக்க, எண்கள் மட்டும் ஆரோக்கியமான ஆளின் எண்களைப் போல மாறிவிடும். எதிர்ப்பொருளும் காலப்போக்கில் மறைந்துவிட்டால், அதிக அபாயம் உள்ள ஒருவர் 'அபாயமே இல்லாத' வகையில் போய் உட்கார்ந்துகொள்வார். இதனால்தான் கிருமியை ஒழித்தவர்களை அந்த நான்கு வகையிலும் சேர்க்காமல் ஜப்பானில் தனியாக ஒதுக்கிவைக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று அச்சாகி வரும் இந்த ஆறுதல், இருக்கும் தேர்வுகளிலேயே மோசமானது என்பேன். ஒன்றும் பார்க்காதவருக்காவது சந்தேகம் மிச்சமிருக்கும்.

மருந்து தொடங்குவதற்கு முன்பே பெப்சினோஜன் பார்த்திருந்தால் கதை வேறு. அந்தப் பழைய அளவு அட்ரோஃபி இருந்ததைக் காட்டியிருந்தால், இன்றைய எண் என்னவாக இருந்தாலும் பழையதையே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாளைத் தேடி எடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சி.இ.ஏ., சி.ஏ. 19-9 போன்ற கட்டிக்கான ரத்தக் குறியீடுகள் ஆரம்ப நிலையில் பெரும்பாலும் ஏறுவதே இல்லை. அல்ட்ராசவுண்டிலும் சி.டி. ஸ்கேனிலும் சவ்வின் மேலே சில மில்லிமீட்டர் அகலத்தில் படிந்திருக்கும் புற்று தெரியாது, சி.டி. தேவைப்படுவது, புற்று கண்டுபிடித்த பிறகு அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க. ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வை வைத்துப் பல புற்றுகளை ஒரேயடியாகத் தேடும் புதிய சோதனைகள் முற்றிய நோயை நன்றாகப் பிடிக்கின்றன, நமக்குத் தேவையான முதல் நிலையில் சறுக்குகின்றன. பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுப்பது ஜப்பானில் பல தலைமுறையாக இருக்கும் முறை. ஆனால் தென்கொரியாவின் தேசியப் பரிசோதனைத் திட்டத்தை அலசி 2017ல் வெளிவந்த ஆய்வில், எண்டோஸ்கோப்பி பார்த்துக்கொண்டவர்கள் இரைப்பைப் புற்றால் இறக்கும் வாய்ப்பு 47 சதவீதம் குறைந்திருந்தது. பேரியம் பார்த்தவர்களிடம் அது கிட்டத்தட்ட குறையவே இல்லை. கிருமி ஒழிந்த பிறகு தோன்றும் புற்று இன்னும் தட்டையாக இருப்பதால், பேரியத்தை இந்தப் பட்டியலிலிருந்து தயங்காமல் எடுத்துவிடலாம்.

ஆகக் கடைசியில் எண்டோஸ்கோப்பிதான். ஆனால் எண்டோஸ்கோப்பி என்பது ஒரே பரிசோதனை அல்ல. யார், எப்படி, எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பதில் அதற்குள்ளேயே நாலைந்து தரங்கள் இருக்கின்றன. அங்கேதான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது.

திரையில் என்ன தெரிகிறது

கிருமி இருக்கும்போது இரைப்பை முழுக்க ஒரே சீராகச் சிவந்திருக்கும். மேலே பிசுபிசுவென்று சளி ஒட்டியிருக்கும். மருந்துக்குப் பிறகு அந்தச் சிவப்பு வடிந்து சவ்வு வெளிறிப் பளபளப்பாகிவிடும். ஆனால் பலருக்கு, வெளிறிய பின்னணியில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, வரைபடத்தில் தீவுகளைப் பார்ப்பதுபோல ஒழுங்கற்ற விளிம்புள்ள சிவப்புத் திட்டுகள் புதிதாகத் தெரிய ஆரம்பிக்கும். லேசாகக் குழிந்தும் இருக்கும். இவை பெரும்பாலும் மெட்டாபிளேசியா உள்ள இடங்கள். அவை முன்பே இருந்தவைதான், சுற்றியிருந்த சிவப்பு போனதும் தனித்துத் தெரிகின்றன.

கிருமி ஒழிந்த பிறகு கண்டுபிடிக்கப்படும் புற்று எப்படி இருக்கும்? சிறியது, சிவப்பு, லேசாகக் குழிந்தது. அதாவது பக்கத்திலுள்ள அந்த அப்பாவித் திட்டுகளைப் போலவே இருக்கும். போதாததற்கு, புற்றின் மேற்பரப்பிலேயே சாதாரணச் செல்களோ, சாதாரணம் போலத் தோன்றும் செல்களோ போர்வையாகப் படர்ந்துவிடுகின்றன. எல்லை மங்கிப்போகிறது. உருப்பெருக்கிப் பார்த்தாலும் வெறும் அழற்சி என்றே தோன்றும். அனுபவமுள்ள கண்களே ஏமாறும் இடம் இது. மருந்து புற்று வரும் வாய்ப்பைக் குறைத்தது, அதே சமயம் வந்துவிட்ட புற்றை ஒளித்தும் வைக்கிறது.

இந்த நிலையில் சாதாரண வெள்ளை ஒளி போதுமா, அல்லது நிறத்தை மாற்றிக் காட்டும் நவீன ஒளி வேண்டுமா?

ஒலிம்பஸ் நிறுவனத்தின் என்.பி.ஐ. என்ற முறை நீலமும் பச்சையும் கலந்த குறுகிய அலைநீள ஒளியைப் பாய்ச்சுகிறது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அந்த ஒளியை உறிஞ்சுவதால் சவ்வின் மேலுள்ள நுண்ணிய ரத்தநாளங்கள் துலக்கமாகத் தெரியும். சந்தேகப்பட்ட ஓர் இடத்தை நெருங்கி, உருப்பெருக்கிப் பார்க்கும்போது இதன் பலம் தெரியும்: திட்டுக்குத் தெளிவான எல்லைக்கோடு இருக்கிறதா, அதற்குள் ரத்தநாளங்கள் தாறுமாறாக ஓடுகின்றனவா என்று பார்த்தே புற்றா இல்லையா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் தூரத்திலிருந்து தேடுவதற்கு இது பெரிதாக உதவவில்லை. ஜப்பானில் அதிக அபாயமுள்ள 4,500க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2021ல் வெளியான ஆய்வில், வெள்ளை ஒளியில் 1.9 சதவீதம் பேரிடமும், புதிய தலைமுறை என்.பி.ஐ.யில் 2.3 சதவீதம் பேரிடமும் ஆரம்பப் புற்று கிடைத்தது. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குச் சிறியது. சந்தேகப்பட்ட இடங்களில் உண்மையிலேயே புற்றாக முடிந்தவை மட்டும் என்.பி.ஐ.யில் அதிகம். அதாவது, தேவையில்லாத பயாப்சி குறையும்.

ஃபுஜிஃபில்மின் எல்.சி.ஐ. வேறு வழியில் போகிறது. சிவப்பை இன்னும் சிவப்பாக, வெளிறியதை இன்னும் வெளிறியதாகக் காட்டி நிற வேறுபாட்டைத் தூக்கிக் கொடுக்கிறது. படம் வெளிச்சமாக இருப்பதால் அகன்ற இரைப்பையை முழுதாகத் துழாவவும் முடியும். நமக்கு முக்கியமான விஷயம், இதில் மெட்டாபிளேசியா ஊதா கலந்த நிறத்திலும் புற்று ஆரஞ்சுச் சிவப்பிலும் தெரிய வாய்ப்பு அதிகம். வெள்ளை ஒளியில் இந்தத் தேடல் செம்மண் தரையில் செங்கல் துண்டைத் தேடுவது போன்றது. இங்கே தரையின் நிறமே மாறிவிடுகிறது. ஜப்பானில் 19 மருத்துவமனைகளில் 1,502 பேரிடம் நடந்த ஆய்வில், தொண்டை முதல் இரைப்பை வரை புதிய கட்டிகளை வெள்ளை ஒளி 4.8 சதவீதம் பேரிடமும், எல்.சி.ஐ. 8 சதவீதம் பேரிடமும் கண்டுபிடித்தது. ஆக, தேடுவதற்கு எல்.சி.ஐ., உறுதி செய்ய உருப்பெருக்கிய என்.பி.ஐ. அல்லது அதற்கு இணையான ஃபுஜிஃபில்மின் நீல ஒளி முறையான பி.எல்.ஐ. என்பது காகிதத்தில் அழகான ஜோடி. ஆனால் எல்.சி.ஐ.யும் என்.பி.ஐ.யும் வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகள், ஒரு மருத்துவமனையில் பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் கருவிதான் இருக்கும்.

அது பெரிய குறை என்று நான் நினைக்கவில்லை. ஏனென்றால் நேரமும் தயாரிப்பும் ஒளியின் வகையைவிடக் குறைந்தவை அல்ல. 2015ல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு ஒன்று, சாதாரண எண்டோஸ்கோப்பிக்குச் சராசரியாக 7 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் மருத்துவர்களையும் அதைவிட வேகமாக முடிப்பவர்களையும் ஒப்பிட்டது. அதே நோயாளிக் கூட்டம், ஆனால் நிதானமானவர்கள் அபாயகரமான மாற்றங்களை ஏறத்தாழ இருமடங்கு கண்டுபிடித்தார்கள். மேல் உணவுப் பாதைப் புற்று உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் பார்த்த எண்டோஸ்கோப்பியில் அது தவறவிடப்பட்டிருந்தது என்று வேறொரு தொகுப்பாய்வு சொல்கிறது. புதிய ஒளியுடன் மூன்று நிமிடத்தில் முடித்த பரிசோதனையா, பழைய வெள்ளை ஒளியில் பத்து நிமிடம் சுழற்றிப் பார்த்ததா என்று கேட்டால், நான் இரண்டாவதையே எடுப்பேன்.

தயாரிப்பு என்றால் நுரையைக் கரைக்கும் சிமெத்திகோன் திரவத்தைப் பரிசோதனைக்குச் சற்று முன் குடிப்பது, உள்ளே போனதும் மிச்சத்தை நீர் பாய்ச்சிக் கழுவுவது, காற்றூதி மடிப்புகளை விரிப்பது. ஒக்காளத்தில் நோயாளி தவித்தால் மருத்துவர் அவசரப்படுவார். அதனால் லேசான மயக்க மருந்து வாங்கிக்கொள்வதைச் சௌகரியம் என்று மட்டும் பார்க்க வேண்டாம், பரிசோதனையின் தரமும் அதில் இருக்கிறது. மூக்கு வழியாகப் போகும் மெல்லிய குழாயும் ஒக்காளத்தைக் குறைக்கும். ஆனால் பழைய மாடல்களில் படத்தின் துல்லியம் குறைவு.

செயற்கை நுண்ணறிவு? நம்பிக்கை தருகிறது. சீனாவில் 1,812 பேரிடம் நடந்து 2021ல் வெளியான சோதனையில், ஒரே ஆளை ஒரே அமர்வில் இருமுறை பார்த்தார்கள். மென்பொருள் துணையோடு முதலில் பார்த்தபோது தவறவிட்ட கட்டிகள் 6.1 சதவீதம், அது இல்லாமல் முதலில் பார்த்தபோது 27.3 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்தால், மென்பொருளைப் புகழ்வதைவிட, வழக்கமான பரிசோதனை எவ்வளவு கோட்டைவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மறுபக்கமும் உண்டு: 2018ல் வெளியான ஜப்பானிய மென்பொருள் ஒன்று படங்களிலிருந்த 77 புற்றுகளில் 71ஐப் பிடித்தது, ஆனால் அது புற்று என்று காட்டியவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே உண்மையான புற்று. மெட்டாபிளேசியாவும் அட்ரோஃபியும் மென்பொருளையும் ஏமாற்றின. இருக்கும் இடத்தில் கிடைத்தால் நல்லது. அதற்காக மருத்துவரை மாற்ற வேண்டியதில்லை.

சதை எடுப்பதா, கண்ணால் மட்டும் பார்ப்பதா

சவ்வின் சேதத்தை மதிப்பிடுவதில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் இருக்கின்றன. ஜப்பானில் அட்ரோஃபி எதுவரை ஏறியிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே அளப்பார்கள். மெலிந்த சவ்வுக்கும் நல்ல சவ்வுக்கும் நடுவே ஓர் எல்லை தெரியும். அது இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து உள்வளைவு வழியாக மேலே ஏறிக்கொண்டே போகும். உணவுக்குழாய் சேரும் வாயைத் தாண்டாமல் நின்றால் ஒரு வகை, தாண்டிவிட்டால் இன்னொரு வகை. 1969ல் கிமுராவும் தகேமோதோவும் வகுத்த இந்த ஆறு படி முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பழகிய கண்ணுக்கு இது போதும். மலிவு, வேகம், ரத்தக்கசிவு பயம் இல்லை.

ஐரோப்பியப் பள்ளி பயாப்சியை நம்புகிறது. சிட்னி முறைப்படி ஐந்து துண்டுகள்: கீழ்ப்பகுதியில் இரண்டு, உள்வளைவு மடங்கும் கோணத்தில் ஒன்று, இரைப்பையின் நடுவிலுள்ள பெரிய பகுதியான உடல்பகுதியில் இரண்டு. அவற்றை வைத்து 0 முதல் 4 வரை நிலை கொடுப்பார்கள். 3, 4 என்றால் அதிக அபாயம். பார்ப்பவரின் திறமையை இது குறைவாகச் சார்ந்திருக்கிறது. எழுத்தில் ஒரு பதிவும் கிடைக்கிறது, அடுத்த மருத்துவர் அதைப் படிக்க முடியும். யாரிடம் பார்க்கப்போகிறோம் என்று தெரியாத சாதாரண நோயாளிக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

இதில் சின்னதாகத் தோன்றும் ஒரு விஷயம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஐந்து துண்டையும் ஒரே பாட்டிலில் போட்டு அனுப்பினால், 'மெட்டாபிளேசியா இருக்கிறது' என்று ரிப்போர்ட் வரும். எங்கே இருக்கிறது என்று வராது. கீழ்ப்பகுதியில் மட்டும் இருப்பதற்கும் உடல்பகுதிவரை பரவியிருப்பதற்கும் அபாயத்தில் நல்ல வித்தியாசம் உண்டு. குறைந்தது இரண்டு பாட்டில், தனித்தனி லேபிள். ரிப்போர்ட்டில் மெட்டாபிளேசியா 'கம்ப்ளீட்' வகையா 'இன்கம்ப்ளீட்' வகையா என்றும் எழுதச் சொல்லுங்கள். முன்னது சிறுகுடல் சவ்வை ஒத்தது, பின்னது பெருங்குடல் சவ்வை ஒத்தது. பின்னதில்தான் புற்று வரும் வாய்ப்பு அதிகம். அந்த ஒரு சொல் இல்லாத ரிப்போர்ட் அரைகுறை ரிப்போர்ட்.

எப்போது எடுப்பது? கிருமி இருக்கும்போது எடுத்த பயாப்சி இருந்தால் வீணில்லை. ஆனால் அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது, புண்ணாறும் செல்களும் டிஸ்பிளேசியா போலவே தோன்றிப் பத்தாலஜிஸ்டைக் குழப்பும். 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று வந்திருந்தால், கிருமி ஒழிந்த பிறகு மறுபடி எடுத்துப் பார்ப்பதே சரி.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை

இதில் உலகமே ஒன்றுபடவில்லை. தென்கொரியாவில் 40 வயதிலிருந்து எல்லோருக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஜப்பானில் 50லிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஐரோப்பிய அமைப்புகளின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஆளைப் பார்த்துச் சொல்கிறது: அட்ரோஃபியோ மெட்டாபிளேசியாவோ கீழ்ப்பகுதி, உடல்பகுதி இரண்டிலும் இருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அதோடு நெருங்கிய ரத்த உறவில் இரைப்பைப் புற்று இருந்தால் ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மெட்டாபிளேசியா ஓரிடத்தில் மட்டும் இருந்து, குடும்ப வரலாறோ இன்கம்ப்ளீட் வகையோ சேர்ந்திருந்தால் மூன்று ஆண்டு. அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவச் சங்கம் 2020ல், மெட்டாபிளேசியா உள்ள எல்லோரையும் வழக்கமாகக் கண்காணிக்கத் தேவையில்லை, அபாயம் கூடுதலாக உள்ளவர்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம் என்றது. நோய் அபூர்வமாக உள்ள இடத்தில் ஒரு புற்றைப் பிடிக்க எத்தனையோ பேர் குழாயை விழுங்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதைத் தப்பென்று சொல்ல முடியாது.

இடைவெளியை முடிவு செய்ய உதவும் இன்னொரு எண்ணும் இருக்கிறது. சிகிச்சை எடுத்துக்கொள்ளாத, அல்லது தள்ளிப்போட்ட ஆரம்பப் புற்று நோயாளிகளை ஜப்பானில் தொடர்ந்து கவனித்தபோது, பாதிப் பேருக்கு நோய் முற்றிய நிலைக்குப் போக ஏறத்தாழ 44 மாதங்கள் ஆயின. மூன்று ஆண்டு இடைவெளி அதற்குள் அடங்குகிறது, ஆனால் மயிரிழையில். முதல் பரிசோதனையில் கோட்டைவிட்டிருந்தால் அந்த இடைவெளி தாங்காது. செல்கள் சிதறிப் பரவும் வகைப் புற்று இதைவிட வேகமாகவும் போகலாம்.

இதையெல்லாம் வைத்து நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்கிறேன். உடல்பகுதிவரை அட்ரோஃபி ஏறியவர், அல்லது பயாப்சி நிலை 3, 4 உள்ளவர், ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நல்ல தரமான பரிசோதனை பார்ப்பது நியாயம். முதல் பரிசோதனை அவசரமாக முடிந்தது என்று தோன்றினால் அடுத்ததை ஓராண்டுக்குள் வைத்துக்கொண்டு, அதன்பின் இடைவெளியை நீட்டலாம். நடுத்தர அபாயத்துக்கு மூன்று ஆண்டு. லேசான டிஸ்பிளேசியா என்று வந்தால் கட்டி ஏதும் கண்ணுக்குத் தெரியாதபோதும் ஓராண்டில், கடுமையானது என்றால் ஆறு மாதத்தில். அதற்கும் முன், நிபுணர் ஒருவர் நல்ல கருவியுடன் உடனே ஒருமுறை திரும்பப் பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே புற்றை எண்டோஸ்கோப்பியில் அகற்றிக்கொண்டவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது கட்டாயம். கிருமி ஒழிந்து பத்து ஆண்டு கடந்த பிறகும் புற்று கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஐந்து ஆண்டு சுத்தமாக இருந்தது, இனி போதும் என்று அதிக அபாயமுள்ளவர் தாமாக நிறுத்திக்கொள்ளக் கூடாது. மிக முதிய வயதில், புற்று கிடைத்தாலும் சிகிச்சையைத் தாங்க முடியாத உடல்நிலையில், நிறுத்துவதைப் பற்றி மருத்துவரோடு பேசலாம்.

அடுத்த தேதி இரண்டு ஆண்டு தள்ளி இருந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தால், ரத்தசோகை என்று வந்தால், மலம் கறுத்தால் அந்தத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அமிலம் குறைக்கும் மாத்திரையைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் தானாகப் போட்டுக்கொள்வதும் வேண்டாம். தொந்தரவை அமுக்கிவிட்டு நோயை வளரவிடும். ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட் தாளோடு படங்களையும் கேட்டு வாங்கி வையுங்கள். உள்வளைவில் இருக்கும் அந்தச் சிவப்புத் திட்டு இரண்டு ஆண்டுக்கு முன்பும் இதே அளவில் இருந்ததா என்று அடுத்த மருத்துவர் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால், ஒரு பயாப்சி மிச்சமாகலாம், அல்லது எடுக்க வேண்டிய ஒரு பயாப்சியை எடுக்க வைக்கலாம்.